சமரசம் அடுக்ககத்தில் ஏற்றத்தாழ்வு ஒழிந்த விதம்

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் எல்லா ஊர்க்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்கள். எப்படியும் கோபம் நிச்சயம் என்பதால் அடுக்ககத்தின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமரசம் அடுக்ககம். ஆறு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். அதை நிர்வகிக்க ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கமிட்டி.

கமிட்டியில் நான்கு பேர். தலைவர் பூவராகன், ஆறாவது மாடி, ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோய்க்காரர். செயலாளர் ஞானசிகாமணி, அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர். வங்கியில் இருக்கும் நல்லசிவம். நான்காவது மங்கையர்க்கரசி அம்மாள். நான்கு பேருமே நல்லவர்கள். யாருக்கும் தெரிந்து கெடுதல் செய்ததில்லை. தெரியாமல் செய்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்த அடுக்ககத்தில் செங்கமலம் என்கிற அம்மா ஐந்தாறு வீடுகளில் பாத்திரம் கழுவி, வீடு துடைத்து வந்தாள். ஒரு நாள் காலை அவள் வாளியோடு லிஃப்டில் நின்றபோது மங்கையர்க்கரசி அம்மாளும் ஏறிவிட்டார். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் தெரிந்தார்கள். அதுதான் நடந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது.

"அந்தக் கண்ணாடிய எடுத்துடலாமா?" என்று கேட்டார் நல்லசிவம்.

"கண்ணாடி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள்.

எனவே கண்ணாடி தப்பியது. 'வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டினார்கள்.

மறுநாள் காலை நல்லசிவம் பலகையைப் படித்தார். தான் வங்கியில் வேலை செய்வது ஞாபகம் வந்தது. சட்டம் போட்டவனே மீறலாமா என்று படியில் இறங்கினார். டாக்டர் இறங்கினார், வக்கீல் இறங்கினார், கம்ப்யூட்டர்காரர்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். ஞானசிகாமணி மட்டும் லிஃப்டில் போனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவர் அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு லிஃப்டுக்கு எண்ணெய் போட ஆள் வந்தான். அவனை உள்ளே விடவில்லை. வெளியிலிருந்தே போடச் சொன்னார்கள்.

இது சரிப்படாது என்று பலகையைத் திருத்தினார்கள். 'வீட்டு வேலை செய்பவர்கள் ஏறக் கூடாது.' அடுத்த நாள் அடுக்ககத்துப் பெண்களெல்லாம் படியில் ஏறினார்கள். ஆண்களெல்லாம் லிஃப்டில் போனார்கள். "நான் இதுவரைக்கும் ஒரு டம்ளர்கூடக் கழுவினதில்ல" என்று லிஃப்ட் வாசலில் ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு ஏறினார்கள். ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெங்காயம் நறுக்குவதை ஒப்புக்கொண்டு, தலை குனிந்து படிப்பக்கம் போனார்.

மறுபடி திருத்தினார்கள். 'அடுத்தவர் வீட்டில் வேலை செய்பவர்கள் ஏறக் கூடாது.'

"வீடு என் மாமியார் பேர்ல இருக்கு" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள். "அப்ப நான் இத்தனை வருஷமா அடுத்தவங்க வீட்லதானே வேலை செஞ்சுக்கிட்டிருக்கேன்?"

இது ஆழமான கேள்வி என்பதால் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பலகையில் 'செங்கமலம் முதலானோர்' என்று எழுதச் சொன்னார். அதில்தான் குழப்பமே இல்லை.

செங்கமலத்துக்கு முட்டிவலி. ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது உயிர் போகும். ஒரு நாள் தண்ணீர் வாளியோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பிரியாணிப் பொட்டலத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்த டெலிவரிக்காரர் அவளைப் பார்த்தார். அவரும் 'முதலானோர்'தான். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார். இறங்கிப் போகும்போது பலகையைப் படம் பிடித்தார். அன்று மாலைக்குள் அந்தப் படம் ஊரில் உள்ள எல்லா போனிலும் இருந்தது. இது அநியாயம் என்று பாதிப் பேர் எழுதினார்கள். என் லிஃப்டில் யார் ஏற வேண்டும் என்பது என் சுதந்திரம் என்று மீதிப் பேர் எழுதினார்கள். உள்ளூர் டிவியிலிருந்து தலைவருக்கு போன் வந்தது.

"சார், உங்க விதி நியாயமானதான்னு கேட்டு வரலாமா?"

பூவராகன் பயந்துபோய், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். விதி இருப்பது அவருக்குத் தெரியும். அது நியாயமாக வேறு இருக்க வேண்டும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை.

ஐந்தாவது மாடியில் பேராசிரியர் அறவாழி இருந்தார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எது நியாயம், எது நீதி என்பதே அவருடைய பாடம். அந்த அடுக்ககத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அவரிடம் மோட்டார் சுவிட்ச் எங்கே என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. கமிட்டி நான்கு பேரும் வந்து நியாயம் என்றால் என்ன என்று கேட்டதும் மனிதர் கண் கலங்கிவிட்டார்.

"உட்காருங்க, உட்காருங்க. ஒரு விதி நியாயமா இருக்கணும்னா, அத எழுதறவங்க ஒரு திரைக்குப் பின்னால உட்கார்ந்து எழுதணும். அந்தத் திரைக்குப் பின்னால போயிட்டா நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியக் கூடாது. ஆணா பெண்ணா, பணக்காரரா ஏழையா, என்ன சாதி, என்ன வேலை, உடம்புல என்ன நோய், எதுவும் தெரியக் கூடாது. அப்படி உட்கார்ந்து யோசிச்சாதான் எல்லாருக்கும் பொதுவா யோசிப்பீங்க."

"என்ன கலர் திரை சார்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

பேராசிரியர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

ஆண்டுவிழா மேடைக்கு வாங்கிய மயில் படம் போட்ட சிவப்புத் திரை சங்க அறையில் இருந்தது. அதை அறையின் நடுவில் கட்டினார்கள். தலைவரும் செயலாளரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், மற்ற இருவரும் அந்தப் பக்கம்.

"நீங்க முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க. இதுதான் பின்னாடி" என்று நல்லசிவத்தின் குரல் வந்தது.

"மயிலோட மூஞ்சி இந்தப் பக்கம். அப்ப உங்க பக்கந்தான் பின்னாடி. நாங்கதான் வரணும்" என்றார் தலைவர்.

இவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதே நேரத்தில் அவர்கள், விட்டுக்கொடுப்பதுதான் பண்பு என்று இந்தப் பக்கம் வந்தார்கள். சிறிது நேரம் இப்படியே மாறி மாறிப் போய் வந்து மூச்சு வாங்கியது. முடிவில் திரையை அவிழ்த்து நான்கு பேரும் தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார்கள். இனி எந்தப் பக்கம் பார்த்தாலும் பின்னால்தான்.

உள்ளே இருட்டு. கூட்டம் ஆரம்பித்தது.

"தலைவர் வந்திருக்காரா?"

பதில் இல்லை.

"செயலாளர்?"

"எனக்குத் தெரியாது. நீங்க யாரு?"

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சா கூட்டம் செல்லாது."

"நான் ஆம்பளையா பொம்பளையான்னே எனக்குத் தெரியல" என்று ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு சொன்னது.

அப்போது யாருடைய சட்டைப்பையிலோ போன் அடித்தது. வெளிச்சத்தில் 'வீட்டம்மா' என்று தெரிந்தது. பூவராகனின் மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"யாரோட வீட்டம்மாவோ தெரியல. அடுத்தவங்க வீட்டம்மாகிட்ட நாம பேசறது தப்பு" என்று பூவராகன் போனை அணைத்தார்.

கூட்டத்துக்கு என்று ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கியிருந்தார்கள். அதை யாரோ உள்ளே சுற்றில் விட்டார்கள். பூவராகன் ஒன்று எடுத்துக் கடித்தார். ருசித்து இன்னொன்று எடுத்தார்.

"சார், உங்களுக்கு சர்க்கரை இருக்கே?"

"எந்த சாருக்கு? நான் யாருன்னே தெரியாதப்போ எனக்கு சர்க்கரை இருக்குன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? அது சுயநலம்." பொதுநலம் கருதி மூன்றாவதையும் எடுத்தார்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "பேரு மறந்துட்டேன். வேலை மறந்துட்டேன். வயசு மறந்துட்டேன். ஆனா சாதி மட்டும் மறக்க மாட்டேங்குது. மத்தவங்களுக்கு மறந்துடுச்சா?"

உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஜாங்கிரிப் பெட்டி நின்றது.

"எனக்கும் அது ஒண்ணுதான் நிக்குது" என்றது ஒரு குரல்.

"எனக்கும்."

"நாம யாருன்னு தெரியக் கூடாதுன்னுதானே பேராசிரியர் சொன்னாரு? ஒண்ணே ஒண்ணாவது ஞாபகம் இல்லாட்டி திரைய விட்டு வெளிய வந்து எந்த வீட்டுக்குப் போறது?"

இது நியாயமாகப் பட்டதால், அதை மறப்பதை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அறையைப் பெருக்க செங்கமலம் வந்தாள். நடு அறையில் ஒரு சிவப்பு மூட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"யாரது உள்ள?"

"தெரியாதும்மா" என்று நான்கு குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

அவள் துடைப்பக்கட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். நான்கு பேரும் வேர்த்து வழிந்து, உதட்டில் ஜாங்கிரிப் பாகோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நாங்க யாரு?" என்று பூவராகன் கேட்டார். வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது, சர்க்கரை ஏறித் தலையும் சுற்றியது.

செங்கமலம் பயந்துவிட்டாள். "ஐயா, நீங்கதான் தலைவர் ஐயா. ஆறாவது மாடி."

"நான் லிஃப்டுல ஏறலாமா?"

"நீங்க ஏறலாங்க ஐயா."

"நான்?" என்றார் நல்லசிவம். "நான்?" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள். "நான்?" என்றார் ஞானசிகாமணி.

"நீங்க எல்லாருமே ஏறலாங்க."

நான்கு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரென்றே தெரியாமல் விசாரித்தும் நான்கு பேருக்கும் லிஃப்ட் உண்டு என்று ஆகிவிட்டது. அதுவும் யார் வாயால்? ஆக விதி நியாயமானதுதான்.

பேராசிரியர் இதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மனைவி கொடுத்த மோரைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"திரையெல்லாம் வேண்டாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். ஒரு தடவை அந்த அம்மா இடத்துல இருந்து பாருங்க. அது போதும்."

"எவ்வளவு நேரம் சார்?"

"புரியற வரைக்கும்!"

செங்கமலத்தின் இடம் வாய்க்கால் ஓரம் இருந்தது. ஒரே அறை, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மறுநாள் மத்தியானம் அவள் வேலை முடித்து, நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தபோது, கயிற்றுக் கட்டிலில் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். பாயில் மங்கையர்க்கரசி அம்மாள். அடுப்போரம் இடமில்லாமல் நல்லசிவம் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, என்னங்க ஆச்சு? யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?"

"ஒண்ணுமில்லம்மா. உன் இடத்துல இருந்து பாக்கறோம்."

"அப்ப நான் எங்கிட்டு இருக்கறது?"

அவள் கேட்டது சரியான கேள்வி. நான்கு பேரும் யோசித்தார்கள்.

"நாங்க உன் இடத்துல இருக்கோம்னா, நீ எங்க இடத்துல இருக்கறதுதானே நியாயம்?" என்று பூவராகன் தன் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

செங்கமலத்துக்கு நின்று வாதாட முட்டியில் தெம்பில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். தலைவர் இடத்தில் இருப்பவள் என்பதால் லிஃப்டில் ஏறினாள். தலைவர் வீட்டில் ஏசியைப் போட்டு, சோபாவில் காலை நீட்டினாள். எத்தனையோ நாளாகத் தான் தட்டித் துடைத்த சோபா இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கண்ணை மூடியதும் தூங்கிப்போனாள்.

வாய்க்கால் ஓரத்தில் கமிட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபேன் மெதுவா சுத்துது" என்றார் மங்கையர்க்கரசி அம்மாள்.

"தண்ணி வரல" என்றார் நல்லசிவம்.

பூவராகன் தன் முட்டியைத் தட்டிப் பார்த்தார், நீட்டினார், மடக்கினார். அவர் முகம் இறுகியது. "ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த அம்மா இடத்துலயே உட்கார்ந்திருக்கேன். எனக்கு முட்டி வலிக்கவே இல்ல."

மற்ற மூன்று பேரும் தங்கள் முட்டிகளைச் சோதித்தார்கள். யாருக்கும் வலிக்கவில்லை.

"அப்ப அந்த வலி?" என்றார் நல்லசிவம்.

"அதத்தான் நானும் யோசிக்கறேன்" என்றார் ஞானசிகாமணி, துப்பு கிடைத்த போலீஸ்காரரைப் போல.

இங்கே இப்படி இருக்க, டிவிக்காரர்கள் சொன்னபடி அடுக்ககத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறாவது மாடியில் மணியை அடித்தார்கள். தூக்கக் கலக்கத்தோடு செங்கமலம் கதவைத் திறந்தாள். மைக்கை நீட்டினார்கள்.

"தலைவர் இருக்காங்களா?"

"தலைவர் என் வீட்ல இருக்காரு. அவரு இடத்துல இப்ப நான்தாங்க இருக்கேன்."

வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நேரடி ஒளிபரப்பு, நிறுத்த முடியாது. "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. லிஃப்ட்ல யார் யார் ஏறலாம்?"

"யாரு வேணா ஏறலாங்க. அதுல என்ன இருக்கு? சும்மாதானே போயிட்டு வருது."

வாய்க்கால் ஓரத்து டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கப் போன நல்லசிவம் ஓடி வந்தார். "சார், சார்! லிஃப்ட் எல்லாருக்கும்னு தலைவர் டிவியில சொல்லிட்டாரு!"

"தலைவர் யாரு?" என்றார் பூவராகன்.

"நீங்கதான் சார்."

"நானா சொன்னேன்?" பூவராகன் யோசித்தார். தலைவர் வார்த்தை மாறக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமானவர். "சொல்லியிருப்பேன். என் வீட்ல இருந்து சொன்னா நான் சொன்ன மாதிரிதான்."

அன்றே பலகை இறங்கியது. ஊரே பூவராகனைப் புகழ்ந்தது. போனில் அவர் படத்துக்குப் பூ, கைகூப்பு எல்லாம் வந்தன. செங்கமலம் லிஃப்டில் ஏறி இறங்கினாள். முட்டி கொஞ்சம் அடங்கியது. கதை இதோடு முடிந்திருந்தால் இது முட்டாள்களின் கதையாக ஆகியிருக்காது.

ஒரு வாரம் போனது. மங்கையர்க்கரசி அம்மாள் கமிட்டியைக் கூட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. மனுஷங்கள்ல என்ன உசத்தி, தாழ்த்தி? ஆனா லிஃப்ட்ல அந்த அம்மா பக்கத்துல நிக்கும்போது என்னமோ உறுத்துது. ஏன் உறுத்துதுன்னுதான் தெரியல." மற்ற மூவரும் தங்களுக்கும் உறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். மறுபடி பேராசிரியரிடம் போனார்கள்.

அறவாழி கதவைப் பாதிதான் திறந்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டார். நாற்பது வருஷம் வகுப்பில் குரலை உயர்த்தாத மனிதர் அன்று கத்திவிட்டார்.

"உறுத்தாம என்ன செய்யும்? உங்க மனசெல்லாம் ஏற்றத்தாழ்வு! இந்தக் கட்டடத்துல ஏற்றத்தாழ்வு ஒழியற வரைக்கும் உங்களுக்கு நியாயம்னா என்னன்னு புரியவே புரியாது. முதல்ல அத நிறுத்துங்க. அப்புறம் வாங்க!"

கதவு படாரென்று சாத்தப்பட்டது.

நான்கு பேரும் மாடி வராந்தாவில் நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை. பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும்.

"நம்ம கட்டடத்துல ஏற்றத்தாழ்வா?" என்றார் நல்லசிவம். "எங்க இருக்கு?"

"ஏறுது, தாழுது... ஏறுது, தாழுது..." என்று முணுமுணுத்தார் ஞானசிகாமணி. அந்த நேரம் லிஃப்ட் கீழிருந்து மேலே போனது. பிறகு மேலிருந்து கீழே போனது.

நான்கு பேரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூவராகனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இத்தனை நாளா நம்ம கண்ணு முன்னாடியே நடந்திருக்கு!"

லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

"என்ன சார் பழுது?"

"பழுது இல்லப்பா. அநியாயம். இது ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மத்தபடி எல்லாம் வழக்கம்போல இருக்கணும். கதவு மூடணும், திறக்கணும், லைட் எரியணும், ஃபேன் சுத்தணும்."

மெக்கானிக் நிறைய அடுக்ககங்களைப் பார்த்தவன். எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஒரு கம்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. வாழைமரம் கட்டினார்கள். ரிப்பன் வெட்டச் செங்கமலத்தையே அழைத்தார்கள். அவளுக்கு மங்கையர்க்கரசி அம்மாள் தன் கையால் மாலை போட்டார். செங்கமலம் வாளியோடு லிஃப்டுக்குள் போனாள். கமிட்டி நான்கு பேரும் கூடவே ஏறினார்கள். பூவராகன் ஆறு என்ற பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது.

உள்ளே தலைவர் சமத்துவத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். ஃபேன் சில்லென்று வீசியது. மங்கையர்க்கரசி அம்மாள் செங்கமலத்தின் தோளில் கை போட்டுக்கொண்டார். இப்போது உறுத்தவே இல்லை என்று கண்கலங்கச் சொன்னார். கதவு திறந்தது. வெளியே அதே வாழைமரம், அதே கூட்டம். எல்லோரும் கை தட்டினார்கள்.

செங்கமலம் வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள்.

"ஐயா, முன்னெல்லாம் நீங்களாச்சும் மேல போனீங்க. இப்ப யாருமே போகலயே?"

"பாத்தீங்களா! அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க!" என்று ஞானசிகாமணி துள்ளினார். "இதுதாம்மா சமத்துவம்!"

அவள் மாலையைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். வாளியை ஒரு கையிலும் முட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். மேலே பாத்திரங்கள் காத்திருந்தன.

பேச்சு முடிந்த களைப்பில் பூவராகன் கடைசியாக லிஃப்டை விட்டு இறங்கினார். ஆறாவது மாடி இவ்வளவு சீக்கிரம் வந்ததில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சட்டையைச் சரிசெய்துகொண்டு வலப்பக்கம் திரும்பினார். அங்கே வாசல் கேட்டை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார்.

பூவராகன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏம்ப்பா, நீ எப்ப ஆறாவது மாடிக்கு மாத்தலாகி வந்தே?"